முழங்கால் தண்ணீரை நம்பி ஓர் இனம்

4,278 மீட்டர் உயரத்தில், பொலிவியாவின் சிவப்பு ஏரியில் பூநாரைகளைத் தேடி ஒரு பயணம்

'இந்தப் பறவை இனி பூமியில் இல்லை' என்று பறவையியலாளர்கள் ஏறக்குறைய முடிவுகட்டிவிட்ட இனம், ஜேம்ஸ் பூநாரை. சிலி நாட்டில் வெடியுப்புத் தொழிலில் இருந்த ஹாரி பெர்க்லி ஜேம்ஸ் என்ற ஆங்கிலேயரின் பெயர் அதற்கு வாய்த்தது. பறவைகள் மீது பெரும் பித்துக் கொண்டவர் அவர். 1886-ல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் அந்தப் பெயரைச் சூட்டி அறிவித்தார். பிறகு நெடுங்காலம் அந்தப் பறவையின் சுவடே தெரியவில்லை. 1957-ல் ஏ.டபிள்யூ. ஜான்சனும் அவருடைய சகாக்களும் பொலிவியாவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஒரு சிவப்பு ஏரிக்கு வந்து சேர்ந்தார்கள். அழிந்துபோனதாக நம்பப்பட்ட பறவை அங்கே கூட்டம் கூட்டமாக அடைகாத்துக்கொண்டிருந்தது.

அந்த ஏரியின் பெயர் லகூனா கொலராடா. பொத்தோசி மாநிலத்தின் சுர் லிப்பேஸ் பகுதியில், சிலி எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போய் அந்தப் பறவைகளைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் பூநாரைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, பூநாரை என்றால் கடலோரம், உப்பங்கழி, வெயில். அதே குடும்பத்துப் பறவை, ராத்திரியில் தண்ணீர் உறைந்துபோகும் மலைமேட்டில் எப்படிப் பிழைக்கிறது? நேரில் பார்த்த பிறகு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: அவற்றின் வாழ்வும் சாவும் முழங்கால் அளவு தண்ணீரில் இருக்கின்றன. அந்தத் தண்ணீர் ஒரு சாண் குறைந்தாலும் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை.

மூச்சு வாங்கும் பாதை

பயணம் உயுனி என்ற சிறு நகரத்தில் தொடங்குகிறது. 10,582 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும், உலகின் மிகப் பெரிய உப்புவெளியின் விளிம்பில் இருக்கும் ஊர். அங்கிருந்து ஏரி வரைக்கும் தார்ச்சாலை போவதில்லை. லேண்ட் குரூசர் ஜீப்புகள்தான் வழி. ஓட்டுநரே வழிகாட்டி, அவரே சமையல்காரர், வண்டி பழுதானால் மெக்கானிக்கும் அவரே. எங்கள் ஓட்டுநர் கெச்சுவா மொழிக்காரர். கன்னத்தில் கோகா இலையை அடக்கிக்கொண்டு, புழுதியில் கிடந்த பத்துப் பதினைந்து சக்கரத் தடங்களில் எது சரியானது என்று ஒரு நொடிகூடத் தயங்காமல் பிரித்தறிந்து ஓட்டினார்.

ஏரி இருக்கும் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். செருப்பு மாட்டக் குனிந்தாலே இரைக்கிறது. தலை கனக்கிறது, பசி போய்விடுகிறது. சமவெளியிலிருந்து நேரே இங்கே வருவது ஆபத்து. 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூக்ரே போன்ற ஊரில் சில நாள் தங்கி, உடம்பைப் பழக்கிக்கொண்டு ஏறுவதே நல்லது.

வழியெல்லாம் எரிமலைகள். முரட்டுப் புல் கொத்துக்கொத்தாக நிற்கிறது. விகுன்யா என்ற காட்டு ஒட்டக இனம் அங்கங்கே மந்தையாக மேய்கிறது. பாறையைப் பச்சை மெத்தையாக மூடிப் படர்ந்திருக்கும் யரேட்டா செடி ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் வளரும். பெரிய செடிகளுக்குப் பல பத்தாண்டு வயது இருக்கும். கன்யாப்பா, எதியொந்தா என்று ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சிலோலி பாலைவனத்தைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் கொலராடா கண்ணில் படுகிறது.

சிவப்புத் தண்ணீர், வெள்ளைத் தீவுகள்

சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி. ஆனால் சராசரி ஆழம் 35 சென்டிமீட்டர்தான். பெரும்பகுதியை ஒரு சிறுவன் முழங்கால் நனைய நடந்தே கடந்துவிடலாம். தண்ணீரின் சிவப்புக்குக் காரணம் அதில் வாழும் நுண்பாசிகளின் நிறமியும் அடியில் படிந்திருக்கும் வண்டலும். நடுநடுவே தெரியும் வெள்ளைத் திட்டுகள் போராக்ஸ் படிவங்கள். காலையில் ஏரி மங்கலாக இருக்கிறது. வெயில் ஏறி, பிற்பகலில் காற்று பிடித்து அடிவண்டலைக் கிளப்பும்போது செம்மண் கரைத்த மாதிரி நிறம் ஏறுகிறது. காற்று என்றால் சாதாரணக் காற்று இல்லை. வண்டிக் கதவைத் திறந்தால் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

கரையோரப் பார்வை மேட்டில் நின்று முதலில் பார்த்தபோது இளஞ்சிவப்புப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. பைனாகுலரில் பார்த்தபோது அந்தப் புள்ளிகள் ஏரியின் மறுகரை வரைக்கும் போய்க்கொண்டே இருந்தன. கூடவே ஒரு சத்தம். ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஓயாமல் முனகும் அந்த ஒலி, பறவைகள் கண்ணில் தெளிவாகத் தெரிவதற்கு முன்பே காற்றில் வந்து சேர்ந்துவிட்டது.

ஒரே ஏரி, மூன்று அலகுகள்

உலகில் பூநாரை இனங்கள் மொத்தம் 6. அதில் மூன்று இனங்கள் இந்த ஒரே ஏரியில் சேர்ந்து மேய்கின்றன. காலைப் பார்த்தே பிரித்தறிந்துவிடலாம். மஞ்சள் கால் என்றால் ஆண்டிஸ் பூநாரை. உலகில் மஞ்சள் காலுள்ள ஒரே பூநாரை இதுதான். சாம்பல் நிறக் காலில் மூட்டு மட்டும் சிவந்திருந்தால் சிலி பூநாரை. செங்கல் நிறக் காலும், நுனி கறுத்த பளிச்சென்ற மஞ்சள் அலகும், மற்ற இரண்டையும்விடச் சிறிய உடம்பும் இருந்தால் ஜேம்ஸ் பூநாரை. கொலராடாவில் பெரும்பான்மை இந்த ஜேம்ஸ் பூநாரைகள்தான்.

மூன்றும் ஒரே தண்ணீரில் நிற்கின்றன. ஆனால் ஒன்றின் இரையில் மற்றொன்று பெரிதாகக் கைவைப்பதில்லை. ரகசியம் அலகுக்குள் இருக்கிறது. பூநாரையின் அலகின் உட்புறம் முழுக்க மெல்லிய தகடுகள் வரிசையாக அடுக்கப்பட்ட சல்லடை. சிலி பூநாரையின் சல்லடைக் கண் பெரிது; உப்புநீர் இறால், சிறு ஓட்டுயிரிகள் போன்றவற்றை அது வடித்தெடுக்கிறது. ஆண்டிஸ் பூநாரைக்குக் கண் சிறிது. டயட்டம் எனப்படும் நுண்பாசிகளில் பெரியவற்றை எடுக்கிறது. ஜேம்ஸ் பூநாரையின் சல்லடை மூன்றிலும் மிக நுண்ணியது. நம் கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள டயட்டங்களையும் அது விடுவதில்லை.

அவற்றின் இளஞ்சிவப்பு நிறமும் இந்தச் சாப்பாட்டிலிருந்தே வருகிறது. பாசியில் இருக்கும் கரோட்டினாய்டு நிறமி, ஈரலில் மாற்றமடைந்து இறகில் ஏறுகிறது. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம்தான். முழு நிறம் வரச் சில ஆண்டுகள் ஆகும்.

ஒரு பறவை, ஒரு வேளைச் சாப்பாடு

ஊற்றுநீர் வந்து ஏரியில் கலக்கும் இடத்தில் பச்சைச் சதுப்பு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் லாமாக்கள் மேய்கின்றன. நடைபாதையில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் பறவைகள் தாமாகவே பக்கத்தில் வருகின்றன. அப்படி வந்த ஒரு ஜேம்ஸ் பூநாரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழுத்தை நேரே கீழே தொங்கவிட்டது. தலை கவிழ்ந்து, மேலலகு அடியிலும் கீழலகு மேலேயுமாகத் தண்ணீரில் அமிழ்ந்தது. மற்றப் பறவைகளுக்குப் பெரும்பாலும் கீழலகு மட்டும்தான் நன்றாக அசையும். பூநாரைக்கு மேலலகும் தாராளமாக அசைகிறது; தலைகீழாகச் சாப்பிடுவதற்கு அது தேவைப்படுகிறது. அலகு இரண்டு பக்கமும் மெதுவாகத் துழாவியது. தொண்டைப் பகுதி இடைவிடாமல் துடித்துக்கொண்டிருந்தது. உள்ளே தடித்த நாக்கு முன்னும் பின்னும் போய்த் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளுகிறது. தள்ளும்போது தகடுகளில் இரை சிக்கிக்கொள்கிறது. தண்ணீர் வழியும் அலகை அவ்வப்போது தூக்கி விழுங்கிவிட்டு, மறுபடி கவிழ்ந்தது. நான் பார்த்த நேரம் முழுக்க அதற்கு வேறு வேலையே இல்லை. கண்ணுக்குத் தெரியாத இரையைத் தின்று இத்தனை பெரிய உடம்பை வளர்க்க வேண்டுமானால் நாளில் பெரும்பகுதி இப்படித்தான் போக வேண்டும்.

பூநாரை இரைபிடிக்கும் விதத்தில் இன்னும் நுட்பமான வேலைப்பாடு இருப்பது அண்மையில் தெரியவந்திருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் விக்டர் ஒர்த்தேகா-ஹிமேனெஸ் குழு சிலி பூநாரைகளை ஆராய்ந்து 2025-ல் முடிவுகளை வெளியிட்டது. தலையை வேகமாக மேலே இழுக்கும்போது தண்ணீருக்குள் சிறு சுழல் உண்டாகிறது. அலகைப் பறவை நொடிக்கு சுமார் 12 முறை திறந்து மூடும்போதும், காலால் சேற்றை மிதிக்கும்போதும் வேறு சுழல்கள் உண்டாகின்றன. அடியில் கிடக்கும் இரையும் தப்பித்து ஓடும் இரையும் அந்தச் சுழலில் மாட்டி அலகை நோக்கி வருகின்றன. பூநாரை இரையைத் தேடி அலைவதோடு நிற்கவில்லை. தண்ணீரையே சுழற்றி இரையைத் தன்னிடம் வரவழைக்கிறது. அந்த வித்தை பலிக்க வேண்டுமானால் தரை காலுக்கு எட்ட வேண்டும், அலகுக்கும் எட்ட வேண்டும்.

ஏரிக்கும் பறவை வேண்டும். 1983-ல் ஹர்ல்பெர்ட், சாங் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பொலிவிய ஆண்டிஸில் 4,393 மீட்டர் உயரத்து உப்பு ஏரி ஒன்றில் சில இடங்களை வேலியிட்டுப் பூநாரைகள் நுழையாதபடி தடுத்தார்கள். வேலிக்குள் டயட்டங்களும் நுண்ணுயிர்களும் நூல்புழுக்களும் பெருமளவு பெருகிவிட்டன. ஏரியின் உயிர்க்கணக்கைச் சமன்படுத்தி வைப்பதே இந்தப் பறவைகளின் மேய்ச்சல்தான் என்று அதிலிருந்து தெரிந்தது.

உறைபனியில் ஒரு முட்டை

குளிர்கால இரவில் வெப்பம் பூஜ்ஜியத்துக்கு 20 டிகிரி கீழேகூடப் போகிறது. ஏரியின் மேற்பரப்பு உறைகிறது. பெரும்பாலான பறவைகள் அப்போது தாழ்ந்த நிலங்களுக்கு, ஆர்ஜென்டினாவின் சமவெளி ஏரிகளுக்கோ பெருவின் கடலோரத்துக்கோ போய்விடுகின்றன. தங்கிவிடுபவை வெந்நீர் ஊற்றுகள் கலக்கும் இடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. எரிமலைப் பகுதி என்பதால் நிலத்துக்கடியிலிருந்து சூடு வருகிறது. அந்தச் சூடுதான் அவற்றைப் பிழைக்க வைக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை, கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சுரப்பிகள் பிரித்து மூக்குத் துளை வழியே வெளியேற்றுகின்றன.

தெற்கத்திக் கோடையில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, ஏரி நிறைகிறது. அப்போது பறவைகள் அலகால் சேற்றை வாரிக் குவித்து, உச்சியில் குழிவுள்ள மேடு கட்டி, அதில் ஒரே ஒரு முட்டை இடுகின்றன. தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கின்றன. குஞ்சு பொரிந்ததும் இரண்டுமே தொண்டைப்பையில் சுரக்கும் சிவந்த பாலை ஊட்டுகின்றன. குஞ்சின் அலகு பிறக்கும்போது நேராக இருக்கும். வளர வளரத்தான் வளையும். அது வரைக்கும் தானாக வடித்துத் தின்ன முடியாது.

எல்லா ஆண்டும் இப்படிக் குஞ்சு பொரிப்பதில்லை. தண்ணீர் மட்டம் சரியாக இல்லாவிட்டால் கூட்டமே கூடு கட்டாமல் விட்டுவிடும். மட்டம் கூடினால் மண்கூடு முழுகும். குறைந்தால் நரி நடந்தே வந்துவிடும். வருஷத்துக்கு ஒரு முட்டை, அதுவும் எல்லா வருஷமும் இல்லை என்ற நிலையில், ஓர் இழப்பை ஈடுகட்ட இந்தப் பறவைகளுக்குப் பல ஆண்டுகள் ஆகும்.

முட்டைக் கூடையும் ட்ரோனும்

கடந்த நூற்றாண்டில் இந்த ஏரிகளின் முட்டைகள் பெருமளவில் எடுத்துப் போகப்பட்டன. மலைக்கிராமத்துக்காரர்கள் தங்கள் தேவைக்கு எடுத்ததோடு நிற்காமல், சுரங்க ஊர்களில் விற்கவும் செய்தார்கள். 1973-ல் இந்தப் பகுதி எதுவார்தோ அவரோவா தேசிய வனவிலங்குக் காப்பகம் ஆனது. 1990-ல் கொலராடா, பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பொலிவியாவின் முதல் ராம்சர் தலம் இதுவே. காப்பகத்துக்குள் இருக்கும் கெச்சுவா கிராமங்களுக்கு இன்று லாமா வளர்ப்போடு சுற்றுலாவும் வருமானம் தருகிறது. பறவை உயிரோடு இருந்தால்தான் தங்களுக்குச் சோறு என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும் என்று எங்கள் ஓட்டுநர் சொன்னார்.

ஆனால் சுற்றுலாவுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. நாங்கள் இருந்த அன்று ஒரு குழுவினர் ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். மேய்ந்துகொண்டிருந்த நூற்றுக்கணக்கான பறவைகள் ஒரே நேரத்தில் தலை தூக்கின. அடுத்த கணம் தண்ணீர்மேல் ஓடி எழும்பின. படத்துக்கு அது அழகான காட்சிதான். பறவைகளுக்கு அது பெரும் நஷ்டம். காற்று மெலிந்த இந்த உயரத்தில் ஒரு முறை எழும்பிப் பறப்பதற்கு ஆகும் சக்தியை, கண்ணுக்குத் தெரியாத பாசியைத் தின்று அவை திரும்பச் சேர்க்க வேண்டும். ஓட்டுநர் அந்தக் குழுவிடம் போய்க் கோபப்படாமல் எடுத்துச் சொன்னார். ட்ரோன் இறங்கியது. கலைந்த பறவைகள் நாங்கள் கிளம்பும்வரை அந்த இடத்துக்குத் திரும்பவில்லை.

வெள்ளி, வெடியுப்பு, லித்தியம்

இந்த நிலத்தின் வரலாற்றை எழுதியவை கனிமங்கள். 1545 முதல் பொத்தோசி மலையின் வெள்ளி ஸ்பெயினுக்குப் போனது. 1879-ல் வெடியுப்புத் தகராறில் மூண்ட போரில் பொலிவியா தன் கடற்கரையையே சிலியிடம் இழந்தது. அந்தப் போரில் உயிர்விட்ட அவரோவாவின் பெயர்தான் இந்தக் காப்பகத்துக்கு. பறவைக்கு வெடியுப்புத் தொழில் செய்தவரின் பெயர். இப்போது லித்தியத்தின் முறை.

நம் கைப்பேசியிலும் மின்சார வண்டியிலும் இருக்கும் மின்கலத்துக்கு லித்தியம் வேண்டும். பொலிவியாவின் உப்புவெளிகளுக்கு அடியில் 2.3 கோடி டன் லித்தியம் இருப்பதாக அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் மதிப்பிடுகிறது. உலகிலேயே மிகப் பெரிய இருப்புகளில் ஒன்று. வழக்கமான முறையில், உப்புவெளிக்கு அடியிலிருக்கும் உவர்நீரை இறைத்துப் பரந்த தொட்டிகளில் மாதக்கணக்கில் காயவிடுகிறார்கள். தண்ணீர் ஆவியாகிப் போன பிறகு மிஞ்சும் உப்பிலிருந்து லித்தியம் பிரிக்கப்படுகிறது. அங்கே ஆவியாகிப் போவது, சொட்டு மழைக்கும் ஏங்கும் வறண்ட நிலத்தின் தண்ணீர்.

விளைவு என்ன என்பதை அடுத்த நாடான சிலியில் பார்க்கலாம். அங்கே அட்டகாமா உப்புவெளியில் பல்லாண்டுகளாக லித்தியம் எடுக்கிறார்கள். ஹோர்ஹே குட்டியேரஸ் தலைமையிலான குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 11 ஆண்டுகளில் அங்கே ஜேம்ஸ், ஆண்டிஸ் பூநாரைகளின் எண்ணிக்கை 10 முதல் 12 சதவீதம் குறைந்திருக்கிறது. சுரங்கம் விரிவடைந்ததோடு அந்தச் சரிவு சேர்ந்து போகிறது. ஆண்டிஸ் பூநாரை ஏற்கெனவே அழிவாபத்துப் பட்டியலில் இருக்கும் இனம்.

ஆழமில்லாத ஏரி எவ்வளவு வேகமாகச் சாகும் என்பதற்குப் பொலிவியாவிலேயே சாட்சி இருக்கிறது. நாட்டின் இரண்டாவது பெரிய ஏரியான பூப்போ 2015-ல் வற்றிப்போனது. வறட்சி, ஏறும் வெப்பம், ஆற்றுநீரைத் திருப்பியது, சுரங்கக் கழிவு வண்டல் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. அதுவும் ராம்சர் தலம்தான். பட்டியலில் பெயர் இருந்ததால் மட்டும் அந்த ஏரி பிழைக்கவில்லை.

லித்தியமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். புகை கக்கும் வண்டிகளுக்கு மாற்று வேண்டும். பொலிவிய மக்களுக்கும் நல்ல வருமானம் வேண்டும். ஆனால் எந்த உப்புவெளியில் எவ்வளவு நீர் இறைக்கலாம், பக்கத்து ஏரியின் மட்டம் எதற்குக் கீழே போனால் இறைப்பை நிறுத்த வேண்டும் என்ற வரையறை முதலில் வர வேண்டும். மோட்டார் அதற்குப் பிறகு வரட்டும். பூநாரைகள் கூடு கட்டும் ஏரிகளின் நீர்ப்பிடிப்பை இந்த இறைப்பிலிருந்து முழுமையாக விலக்கி வைக்க வேண்டும். மெலிந்த காற்றும் கடும் உப்பும் கொடுங்குளிரும் இதுவரை மனிதர்களை விலக்கி வைத்ததால்தான் இந்தப் பறவைகள் தப்பின. இனி அந்தக் காவல் போதாது. சட்டம்தான் காவல் நிற்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

அங்கே போகும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போனால் பறவைகளை அதிகம் பார்க்கலாம். மழையால் பாதை கெடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ட்ரோன் வேண்டாம். நடைபாதையை விட்டு இறங்க வேண்டாம். கிட்டத்தில் படம் வேண்டும் என்று ஓட்டுநரைத் தடம் மாற்றச் சொல்ல வேண்டாம். அந்த மண்ணில் பதியும் சக்கரத் தடம் பல ஆண்டுகள் அழியாது. நல்ல பைனாகுலர் ஒன்றும் பொறுமையும் இருந்தால் பறவையே உங்களிடம் வரும்.

போக முடியாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கைப்பேசியை இன்னும் இரண்டு ஆண்டு சேர்த்துப் பயன்படுத்துங்கள். பழைய மின்கலத்தைக் குப்பையில் போடாமல் மறுசுழற்சிக்குக் கொடுங்கள். நம் ஊர்ப் பூநாரைக்கும் நிலைமை வேறில்லை. தமிழக அரசு 2025 ஜூனில் தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. நல்ல தொடக்கம். அங்கேயும் பறவை வந்து நிற்பது ஆழமில்லாத உவர்நீரை நம்பித்தான். அடுத்த முறை கொலராடா பற்றியோ தனுஷ்கோடி பற்றியோ செய்தி வந்தால், எத்தனை பறவைகள் வந்தன என்று கேட்பதோடு, அங்கே எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்றும் கேளுங்கள்.